மலைகளுக்கு மேலே ஒரு தபால்காரன்

அட்டனிலிருந்து நானுஓயா நோக்கிப் புகையிரதத்தில் செல்வோர், கொட்டகலை, தலவாக்கலை ஆகிய ஊர்களைக் கடக்கையில் சன்னலை விட்டு அகலமாட்டார்கள். அத்துணை எழில் வாய்ந்த மலைகள்! ஆயினும், கண்ணுக்கு விருந்தாகும் இம்மலைகளே பேச்சுக்குத் தடையாகவும் நிற்கின்றன. கோபுரத்திலிருந்து வரும் கைப்பேசி அலையைக் குன்று மறித்துவிடின், அப்பாலுள்ள பள்ளத்தாக்கின் லயங்கள் ஊமையாகிவிடுகின்றன.

தேயிலையின் கதையோ வேறு. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் அதனைத் தோட்டப் பயிராக்கினார். 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கிற்று. கொழுந்தின் விலை தந்திக் கம்பியேறிக் கடல் கடந்தது. 2020 ஏப்ரல் முதல் ஏலமே இணையவழி நிகழ்கின்றது. ஆனால் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தமிழகம் சென்ற உறவினரின் நலமோ, தபால்காரரின் பையில் மெல்ல ஊர்ந்தே வந்தது. விலைக்குக் கிடைத்த விரைவு பாசத்துக்குக் கிடைக்கவில்லை.

இத்தடையை வானிலிருந்து வெல்லலாம் என்று காட்டியவர் நம் நாட்டையே இல்லமாக்கிக்கொண்டவர்தாம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று நிலையங்கள் இருப்பின் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என 1945இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் இங்கேயே மறைந்தார்.

இன்று செய்மதிகள் இன்னும் தாழ்வாகவும் பறக்கின்றன. இரிடியம் நிறுவனத்தின் 66 செய்மதிகள், கையிலேந்தும் தொலைபேசியைக் கொண்டே நடுக்கடலிலிருந்தும் வணிகர் பேச வழி செய்கின்றன. ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுழலும் செய்மதிகளைக் கொண்ட ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. கூரைமேல் வைத்த தட்டு திறந்த வானத்தைக் கண்டாற் போதும்; கோபுரம் வேண்டியதில்லை.

இதன் அருமையை 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் உணர்த்திற்று. மண்சரிவால் பாதைகள் அறுந்தன. மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. பிள்ளைகள் கொழும்பில், பெற்றோர் லயத்தில். உயிரோடிருக்கிறோம் என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை குடும்பங்கள் ஏங்கின!

செய்மதிக் கருவியின் விலை தனிக் குடும்பத்துக்கு எளிதில் எட்டாது. ஆனால் தோட்டத்துப் பாடசாலையிலோ மருந்தகத்திலோ ஒரு தட்டும், மின்சாரம் நின்றாலும் அதனை இயக்க ஒரு மின்கலமும் பொதுவில் வைத்தல் இயலாத செயலன்று. தேயிலையின் விலையை நொடியில் உலகறியச் செய்யும் நாடு, அத்தேயிலையைக் கொய்யும் கையின் நலத்தையும் அவ்விரைவிலேயே அறிதல் வேண்டாமா?