ஆப்கன் மண்ணில் எஞ்சிய ரோ.37

ரோம் நகருக்கு வடமேற்கே, பிராச்சானோ ஏரிக்கரையில் விஞ்ஞா டி வாலே என்ற சிற்றூரில் இத்தாலிய விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சேர்ந்திருக்கும் சின்னங்களில் ஒன்று, ரோ.37 உளவு விமானத்தின் சிதைந்த மிச்சம். கிடைத்த இடம் இத்தாலி அல்ல, ஆப்கானிஸ்தான். 600க்கும் மேல் தயாரான இந்த ரகத்தில் முழு விமானம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பெயரில் உள்ள ‘ரோ’, இதைத் தயாரித்த நேப்பிள்ஸ் ஆலையை நிறுவிய நிக்கோலா ரோமியோவைக் குறிக்கிறது. ஆல்ஃபா ரோமியோ கார்களில் இருப்பதும் அவர் பெயர்தான். பொறியாளர் ஜியோவானி கலாஸோ வடிவமைத்த ரோ.37, 1933இல் முதன்முதலாகப் பறந்தது. மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள், எஃகுக் குழாய்களால் கட்டிய உடல், உள்ளே மடக்க முடியாத சக்கரங்கள். முன்னிருக்கையில் விமானி. பின்னிருக்கையில் இருப்பவர் எதிரியின் நடமாட்டத்தைக் கவனிக்க வேண்டும். துரத்தி வரும் விமானத்தைச் சுட இயந்திரத் துப்பாக்கியும் அவர் கையில்தான். வேகம் மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர்.

1935இல் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது இந்த ரகமும் போருக்குப் போனது. வேவு பார்த்ததோடு நிற்கவில்லை, தரையில் இருந்தவர்களைத் தாக்கவும் செய்தது. எதிர்த்து நிற்க எத்தியோப்பியாவிடம் விமானப்படை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அந்தப் போரில் இத்தாலிய விமானங்கள் மஸ்டர்ட் வாயுவையும் வீசின.

அடுத்து ஸ்பெயின் உள்நாட்டுப் போர். 1940இல் இத்தாலி உலகப் போரில் இறங்கியபோது, ஒற்றை இறக்கைப் போர் விமானங்கள் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. ரோ.37 அவற்றுக்கு எளிதான இரை. ஆனாலும் வேறு விமானம் போதாததால் பறக்கவிட்டார்கள், பல அழிந்தன.

ஆப்கானிஸ்தானுக்கு விற்றவை இந்தப் பெரும்போரைக் காணவில்லை. காபூல் அரசு அதே காலத்தில் பிரிட்டனிடம் வாங்கிய ஹாக்கர் ஹைண்ட் விமானங்களுக்கும் இதே கொடுப்பினை: அவற்றில் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் பறக்கும் நிலையில் இருக்கிறது.

விஞ்ஞா டி வாலேயில் உள்ள ரோ.37 சிதைவைப் பொறியியல் சின்னமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. எத்தியோப்பியாவில் 1935இல் உருவான முதல் விமானம் ‘செஹாய்’. பேரரசர் ஹெய்லி செலாசியின் மகள் பெயர் அதற்கு. அதைப் போர்க் கொள்ளையாக இத்தாலி எடுத்துச் சென்றது. பல ஆண்டுகள் விஞ்ஞா டி வாலேயில்தான் காட்சிக்கு வைத்திருந்தது. 2024 ஜனவரியில்தான் எத்தியோப்பியாவிடம் திருப்பித் தந்தது. செஹாய் நின்ற அதே அருங்காட்சியகத்தில், ரோ.37இன் அருகே எத்தியோப்பியாவில் அந்த ரகம் செய்த வேலையும் எழுதப்பட வேண்டும்.