பட்டியும் பதிவேடும்

தமிழாசிரியர் ஒருவர் எத்தெருவில் குடியிருந்தாலும் அத்தெருவின் எழுத்தர் அவரே. குடிநீர்க் குழாய்க்கு மனு, தெருவிளக்குக்கு மனு, மணவிழா வாழ்த்துமடல், பணிநிறைவுப் பாராட்டுரை என யாவும் அவர் வாசலுக்கே வந்து சேரும். அண்ணாமலை நகரில் நான் வாழும் தெருவிலும் இதுவே வழக்கம். அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் அண்டை வீட்டார் ஐவர் வந்தனர். ஆதரவற்ற நாய்களுக்கும், பால் வற்றியதும் அவிழ்த்துவிடப்பட்ட மாடுகளுக்குமாகத் தெருவார் சேர்ந்து ஒரு காப்பகம் அமைக்க எண்ணியிருப்பதாகவும், அன்பர் ஒருவர் மனை தர இசைந்திருப்பதாகவும், பேரூராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேண்டும் என்றும் கூறினர்.

எழுதித் தந்தேன். ஆனால் அவர்கள் கேளாத ஒரு பத்தியையும் அதில் சேர்த்திருந்தேன். காப்பகத்தில் நாள்தோறும் பதிவேடு எழுதப்படும் என்றும், பேரூராட்சி அலுவலர் ஒருவர் குறித்த கால இடைவெளியில் நேரில் வந்து அப்பதிவேட்டையும் விலங்குகளையும் பார்வையிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்றும் கோரும் பத்தி அது. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சார், இடம் நம்மது, தீனி நம்ம காசு. செய்யறது தருமம். இதுல அதிகாரி வந்து பார்க்க என்ன இருக்கு? நாமா போய்த் தலையைக் கொடுக்கணுமா?"

அவருடைய அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிய எவர்க்கும் அந்த அச்சம் உண்டு. அன்று அவருக்கு ஒரு வரியில் விடைகூற என்னால் இயலவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாள்களில் என் நெஞ்சில் ஓடியவற்றையே இம்மலருக்குக் கட்டுரையாகத் தருகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். சிதம்பரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாப்பாவுக்கு ஒரு மளிகைக் கடையும் சிறிது நஞ்சை நிலமும் இருந்தன. வீட்டில் ஒரு செவலைப் பசு. தை மாதத்து இரவொன்றில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு பிறர் வயலில் இறங்கி, விளைந்து நின்ற சம்பாவில் வாய் வைத்துவிட்டது. வயலுக்குரியவர் விடியற்காலையில் அதை ஓட்டிச்சென்று பட்டியில் அடைத்துவிட்டார். வழிதவறிய கால்நடைகளை அடைத்துவைக்கும் அவ்விடத்தை எங்கள் பக்கத்து மக்கள் பவுண்டு என்பர். வயதில் மூத்தோர் பட்டி என்பர். கொள்முதலுக்காக வெளியூர் சென்றிருந்த வாப்பா மூன்றாம் நாளே திரும்பினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சென்றேன்.

ஆளுயரச் சுவர் நான்கு, மூலையில் ஓட்டுக் கூரை, ஓர் ஒதிய மரம், இரும்புக் கதவு. இவ்வளவே பட்டி. எங்கள் பசு வயிறு ஒட்டி நின்றது. எங்களைக் கண்டதும் குரல் கொடுத்தது. பட்டிக்காவலர் அபராதத்தையும் மூன்று நாள் தீனிச் செலவையும் கூட்டிச் சொன்னார். வாப்பா மறுபேச்சின்றிப் பணத்தை எண்ணி வைத்தார். பிறகு கேட்டார்.

"தண்ணி எப்ப காட்டினீங்க அண்ணே?"

"காலையிலயே காட்டியாச்சு பாய்."

வாப்பா தொட்டிக்குள் கையைவிட்டுத் துழாவினார். சருகும் புழுதியும்தான் கையில் வந்தன. அவர் சண்டையிடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. பதிவேட்டை வாங்கித் தம் கையொப்பத்தை இட்டார். அதனருகில் சிறிய எழுத்தில், 'தொட்டியில் நீர் இல்லை' என்று எழுதித் தேதியும் போட்டார்.

வரும் வழியில், "அதை யாரு வாப்பா படிக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"படிக்கலாம், படிக்காமலும் போகலாம். காசு கட்டி அந்தப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். பார்த்ததை எழுதாம வந்தா, தண்ணி காட்டினதுக்கு நானும் சாட்சின்னு ஆயிடும்" என்றார்.

சில வாரங்கள் கழித்து அவ்வழியே பள்ளிக்குச் சென்றபோது தொட்டியருகே புதிய தகர வாளி ஒன்று இருக்கக் கண்டேன். வாப்பா எழுதிய வரி அதைக் கொண்டுவந்ததா, வேறெவரேனும் சொல்லி வந்ததா என்பது இன்றளவும் எனக்கு விளங்காத ஒன்று.

பின்னாளில் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தைப் படிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. யானைக்கு இரண்டு ரூபாய், ஆட்டுக்கு ஓரணா என அபராதம் விதித்த காலத்துச் சட்டம் அது. ஆங்கிலேயர் ஆட்சியின் சட்டங்களை நான் போற்றுபவன் அல்லேன். ஆயினும் இதனுள் இருந்த ஒரு நுட்பம் என்னை வியக்கவைத்தது. கால்நடை வந்த நாளும் நேரமும், பிடித்தவர் பெயரும் உறைவிடமும் பதிவேட்டில் ஏறவேண்டும்; அப்பதிவின் நகல் பிடித்துவந்தவருக்குத் தரப்பட வேண்டும். தீனிக்கும் நீருக்கும் வாங்கும் கட்டணத்தை மாவட்டக் குற்றவியல் நடுவரே வரையறுப்பார். ஏழு நாள்களுக்குள் உரியவர் வாராவிடில் காவல் நிலையத்திற்குத் தெரிவித்துப் பறை அறைந்து அறிவிக்க வேண்டும். அதன்பின்னும் ஏழு நாள் கழித்தே ஏலம். அந்த ஏலத்தில் பட்டிக்காவலரோ காவல் துறையினரோ நேராகவோ மறைவாகவோ வாங்குதல் கூடாது. அடைபட்ட விலங்குக்குப் போதிய தீனியும் நீரும் தாராத காவலர்க்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம். ஆட்டுக்கு ஓரணா என்ற கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் அத்தொகையின் கனம் புலப்படும். நெற்பயிரைக் காப்பதற்கென எழுந்த சட்டமாயினும், கதவைப் பூட்டியவன் கையிலிருக்கும் வாளியையும் அது மறக்கவில்லை.

பட்டிக்குக் கொண்டித்தொழு என்றொரு பெயரும் தமிழில் உண்டு. கொண்டி என்பது சங்க இலக்கியத்தில் கொள்ளைப் பொருளைக் குறிக்கும் சொல். பட்டினப்பாலை சிறைகொண்டு வந்த பெண்டிரைக் கொண்டி மகளிர் என்கிறது. பிறர்க்குரிய உயிரைக் கைப்பற்றி வைத்திருக்கிறோம் என்ற உணர்வு அப்பெயரிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றும். தொல்காப்பியர் வெட்சித் திணையைக் கூறும்போது, ஆநிரை கவர்தலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கொண்டுவந்த ஆநிரையை ஓம்புதலையும் சேர்த்தே இலக்கணமாக்குகிறார். வெட்சியின் பதினான்கு துறைகளுள் ஒன்றின் பெயர் நோயின்றுய்த்தல். கவர்ந்த ஆநிரை வருந்தாதவாறு வழிநடத்திச் செல்லுதல் என்பது அதன் பொருள். போருக்கே இந்த இலக்கணம் இருந்திருக்கிறது. மாணவர்கள் இத்துறையைத் தேர்வுக்காக மனனம் செய்து மறந்துவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நடத்திவந்தேன்.

இனி எழுதவேண்டியதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து விடுதிகள் மூடப்பட்டபோது, உணவுக்கூடங்களின் மிச்சத்தை நம்பி வாழ்ந்த நாய்கள் எலும்பும் தோலுமாக எங்கள் தெருக்களுக்கு வந்தன. சிலர் சோறு வைத்தோம். பின்னர், காயமுற்றவற்றையும் குட்டிகளையும் காக்கவென்று காலி மனையொன்றில் தகரக் கொட்டகை எழுப்பினோம். எவரையும் கேட்கவில்லை, எவருக்கும் தெரிவிக்கவுமில்லை. தேநீர்க் கடையை மூடிவிட்டு வீட்டிலிருந்த இளைஞர் ஒருவர் பொறுப்பேற்றார். ஊதியம் பெறாமல் ஓராண்டுக்கு மேல் அவர் ஆற்றிய பணியை எழுத இம்மலரின் பக்கங்கள் போதா. 2021 மே மாதத்தில் ஓர் இரவு அவரைக் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். கொட்டகையின் சாவி அவர் வீட்டில். வீட்டாரும் தனிமைப்படுத்தப்பட்டிருந்தனர்.

அவருக்கு அடுத்து யார் பார்ப்பது என்று நாங்கள் வாய்மொழியாகப் பேசியிருந்தோம். அதை நான் பெரியவர் பார்ப்பார் என்று புரிந்துகொண்டிருந்தேன். அவர் நான் பார்ப்பேன் என்று புரிந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு நாள் குரைக்கும் ஒலி எனக்குக் கேட்டது. சன்னலைச் சாத்திவிட்டு இணையவழி வகுப்பை நடத்தினேன். நான்காம் நாள், ஒலி நின்றுபோனதை என் மனைவிதான் கவனித்தார். பூட்டை உடைத்தோம். மூன்று குட்டிகள் இறந்து கிடந்தன. தாய் நாய் கவிழ்ந்த அலுமினியக் குண்டானை நக்கிக்கொண்டிருந்தது. அந்த இளைஞர் பிழைத்து வந்து முதலில் கேட்ட கேள்விக்கு எங்களில் எவரும் வாய்திறக்கவில்லை.

பூனையைக் கட்டிவைத்துத் தானும் உணவிடாமல், தானே இரைதேடிக்கொள்ள அவிழ்த்துவிடவும் செய்யாமல் சாகடித்த பெண்ணொருத்தி தண்டனைக்குள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த வரலாற்றை என் பாட்டியார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். சிறுவயதில் அவள் ஒரு கொடியவள் என்றே எண்ணியிருந்தேன். அந்த மே மாதத்திற்குப் பிறகு, அவள் மறந்துபோனவளாகவும் இருந்திருக்கலாமோ என்று எண்ணத் தலைப்பட்டேன். தெருவில் திரியும் நாய் பட்டினி கிடந்தால் அடுத்த தெருவுக்குப் போகும், குப்பையைக் கிளறும், குளத்து நீரைக் குடிக்கும். நாம் கொட்டகைக்குள் அடைத்த நொடியில் அந்த வழியெல்லாம் அடைபடுகிறது. எங்கள் ஐந்தாறு பேரில் கொடியவர் எவருமில்லை. காசைத் தின்றவரும் இல்லை. ஆனால் இன்று யார் நீர் வைத்தார் என்று எழுத ஓர் ஏடு இல்லை. கதவைத் திறந்து எண்ணிப் பார்க்கும் கடமையுள்ள வெளியார் ஒருவரும் இல்லை. வாப்பா குறை எழுதிய அந்தப் பழைய பட்டியில் குறை எழுதவாவது ஓர் இடம் இருந்தது.

இது எங்கள் தெருவின் கதை மட்டுமன்று. 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்து, ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962இல் விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்ததும், கேப்டன் வி. சுந்தரம் அங்கேயே புளூ கிராஸைத் தொடங்கியதும் பலரும் அறிந்தவை. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடும் முறைக்கு 2001இல் விதிகள் வந்தன. நாய்க் காப்பிடங்களை உள்ளாட்சி அமைக்க வேண்டும், தொண்டு நிறுவனங்கள் நடத்தலாம், ஆனால் உள்ளாட்சித் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு வேண்டும் என்று அவ்விதிகளே கூறின. அவற்றுக்கு மாற்றாக 2023இல் வந்த விதிகள் இன்னும் விரிவானவை. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், புகைவண்டி நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்கவும், நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளையும் அவ்வாறே கொண்டுசேர்க்கவும் ஆணையிட்டது. அவ்வளாகங்களை மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் உள்ளாட்சியினர் பார்வையிட வேண்டும் என்பதும் அதன் ஒரு பகுதி. நாய்க்கடியால் குழந்தையை இழந்த பெற்றோரின் கண்ணீரை அறிந்த எவரும் இந்த ஆணையின் நோக்கத்தைக் குறைசொல்லார். ஆனால் அன்றுமுதல் ஆசிரியர் அறையில் நான் கேட்ட பேச்செல்லாம் எங்கே அடைப்பது, யார் பிடிப்பது, பணம் எவ்வளவு என்பவையே. அடைத்தபின் யார் போய்ப் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1929இல் பல்கலைக்கழகம் தோன்றியதால் எழுந்த ஊர் இது, தனிப் பேரூராட்சி. இருப்புப்பாதைக்கு அப்பால் சிதம்பரம் நகராட்சி. மறுபக்கம் கொத்தங்குடி முதலிய ஊராட்சிகள். மழைக்காலத்தில் வயலெல்லாம் சேறாகும்போது மாடுகள் சாலையின் மேட்டுத் தரையைத் தேடி வரும். அரைமணி நேரம் நடந்த பசு மூன்று உள்ளாட்சிகளின் எல்லையைக் கடந்திருக்கும். எல்லைக்கல்லை அது படிப்பதில்லை. ஆகவே எந்த மாடு எங்கிருந்து வந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதி, அண்டை உள்ளாட்சிக்கும் ஒரு நகல் அனுப்புவது என்று விண்ணப்பத்தில் சேர்த்தேன். இது நான் கண்டுபிடித்தது அன்று. பறை அறைந்து அறிவித்த பழைய முறையின் மறுவடிவமே.

இரண்டாம் நாள் பெரியவரிடம் சென்றேன். மேலே எழுதிய சட்டம், விதி எதையும் அவரிடம் சொல்லவில்லை. "ஐயா, அந்த நாலு நாள்ல யாராவது ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டேன். அவர் நெடுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விண்ணப்பத்தை வாங்கி, மேற்பார்வைப் பத்தியை மறுபடியும் படித்தார். பேனா கேட்டார். நாற்பதாண்டுக் காலம் பதிவேட்டோடு வாழ்ந்தவர் அல்லவா, அவருக்கே தோன்றக்கூடிய ஒரு வரியை அப்பத்தியின் கீழ்ச் சேர்த்தார். அலுவலர் பார்வையிட வாராத மாதங்களில், வரவில்லை என்பதையும் அப்பதிவேட்டிலேயே தேதியிட்டு எழுதவேண்டும் என்பதே அது.

பிறகு கையொப்பமிட்டுவிட்டு, எதிர்வீட்டுக்கு அவரே எடுத்துச் சென்றார். இதை எழுதும்போது பதினேழு கையொப்பங்கள் சேர்ந்துள்ளன. பன்னிரண்டாவது, அந்தத் தேநீர்க் கடை இளைஞருடையது.