மனக்கோயிலும் எடையற்ற பெட்டியும்

திருநின்றவூரில் குடியிருப்போர் நாள்தோறும் பூசலாரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பர் என்று எண்ணிவிட வேண்டா. இங்கும் மின்தொடர்வண்டி நேரமும் மனைவிலையுமே பேச்சு. ஆயினும் அண்மையில் ஓரிரவு அந்நாயனார் நம் வீட்டுக் கணினிக்குள் நுழைந்தார்.

நம் தமக்கையின் மகன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில், வார்ப்பு அச்சுகளுக்குக் கணினியில் வரைபடம் வரையும் பயிற்சியில் இருக்கிறான். தந்தையற்ற பிள்ளை, அவ்வேலை நிலைப்பதையே வீடு நோக்கியிருக்கிறது. அன்றிரவு உண்ணாமல் மடிக்கணினி முன் அமர்ந்திருந்தவன், "எடையே போயிடுச்சு மாமா" என்றான். வேளைக்கு உண்ணாவிடின் போகாமல் என்ன செய்யும் என்றோம். அவன் சிரிக்கவில்லை.

செய்தி இதுதான். கணினியில் ஒரு பொருளை இருவகையாக வடிக்கலாம். ஒன்று சாலிட், அதாவது திண்மம், உள்ளே நிறைந்தது. பக்கம் 10 செ.மீ. கொண்ட எஃகுக் கனசதுரத்தைத் திண்மமாக வரைந்தால், அதன் கொள்ளளவு 1000 கன செ.மீ. என்றும் எடை ஏறத்தாழ 7.85 கிலோ என்றும் மென்பொருளே கூறிவிடும். மற்றொன்று சர்ஃபேஸ், வெறும் பரப்பு. அதே கனசதுரம் இங்கே 600 சதுர செ.மீ. தோல் மட்டுமே. தோல் என்பதும் பிழை. தோலுக்கேனும் தடிமன் உண்டு, இதற்கு அதுவும் இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

பின் ஏன் திண்மத்தைப் பரப்பாக்க வேண்டும்? ஒரு வளைவை மட்டும் பிரித்தெடுத்துத் திருத்த அது எளிது. ஒரு முகத்தை நீக்கினால் போதும், எஞ்சியவை பரப்புகளாய்த் திறந்துகொள்ளும். நம் பிள்ளையும் ஓர் அலுமினிய உறையின் மூலை வளைவை நீக்கி அவ்வாறே செய்தான். செய்தவன் பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டான். விலை கூற எடை வேண்டும், காலையில் தருக என்று முதலாளி சொல்லியனுப்பியது அதற்குப் பிறகுதான்.

மீளத் திண்மமாக்கலாம். ஆனால் எல்லா விளிம்புகளும் இடைவெளியின்றி ஒட்டவேண்டும். மயிரிழை திறந்திருந்தாலும் மென்பொருள் இசையாது. நீக்கிய வளைவை நினைவிலிருந்து 5 மி.மீ. ஆரத்தில் வரைந்து தைத்துத் தைத்துப் பார்த்தான். அருகே விழித்திருந்த நமக்குப் பூசலார் நினைவு வந்தது. கையில் பொருளில்லாத அவ்வந்தணர் மனத்துக்குள்ளேயே கோயில் எடுத்தார். எடுத்ததாகப் பாவித்து ஒரு கோபுரத்தோடு நிறுத்தினாரா? அடித்தளம் தொடங்கித் தூபி நட்டு, சுதை பூசி, கிணறு அகழ்ந்து, மதில் எடுத்து, குளமும் தொட்டார் என்று சேக்கிழார் வரிசையாய்க் கூறுகிறார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமான் கனவில் குறிப்பறிந்து இவ்வூர் வந்து கேட்டபோது, அப்படியொரு கோயிலே இங்கில்லை என்றனர் ஊரார். புறத்தே பரப்புக்கூட இல்லை. அகத்தே முழுத் திண்மம். வகுப்பில் இப்பகுதியைப் பல்லாண்டு நடத்தியும், கிணற்றையும் குளத்தையும் வெறும் வருணனையாகவே கடந்திருக்கிறோம்!

நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் உறை மூடிக்கொண்டது. 690 கன செ.மீ.; அலுமினியத்துக்கு 1 கிலோ 863 கிராம். அவன் முகம் மலர்ந்தது. "அந்த 5 மி.மீ. உறுதிதானா?" என்று வினவினோம். நெடுநேரம் விடையில்லை. "சொன்னா வேலை போயிடும் மாமா" என்றான். சொல்லென்று நாம் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று விடியும்வரை உறங்கவுமில்லை.

காலையில் முதல் வண்டியில் ஏறியவன் பத்து மணிக்குத் தொலைபேசினான். தானே முதலாளியிடம் கூறிவிட்டானாம். அவர் நன்றாகவே ஏசிவிட்டு, வாடிக்கையாளரின் அச்சுப்படியை எடுத்து விரித்திருக்கிறார். 6 மி.மீ.! எடையில் ஓரிரு கிராம்தான் வேறுபாடு, ஆனால் அப்படியே அச்சு வெட்டியிருந்தால் மூடி பொருந்தாது போயிருக்கும்.

இப்போதெல்லாம் பரப்பாக்குமுன் திண்மத்தை வேறு பெயரில் சேமித்துவிடுகிறான். அக்கோப்புகளைக் கண்ட முதலாளி, "யாருப்பா இந்தப் பூசலார், புதுப் பார்ட்டியா?" என்று கேட்டாராம்.