அடிமனை யாருடையது?

ஜூன் 12, 2025

மேட்டூரில் இன்று தண்ணீர் திறந்துவிட்டார்கள். கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் குறுவைப் பேச்சுதான். நாங்கள் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஒரு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லையில் கிணறு. உத்திரமெல்லாம் தேக்கு, தட்டினால் கணீரென்று கேட்கிறது. விலையைக் கேட்டதும் என் கணவரால் நம்பவே முடியவில்லை. அவ்வளவு குறைவு.

பத்திர எழுத்தர் ஒரு பக்கம்தான் புரட்டினார். "அம்மா, நீங்க வாங்கறது மேல்கட்டுமானம் மட்டும்தான். அடிமனை கோயிலுது" என்றார்.

காவிரிப் பாசனப் பகுதியில் வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. தேவஸ்தானங்களுக்கும் ஆதீனங்களுக்கும் இங்கே வயல் மட்டுமா இருக்கிறது? தெருத்தெருவாக மனைகளும் இருக்கின்றன. மூன்று தலைமுறை அந்தச் சுவருக்குள்ளேயே பிறந்து வளர்ந்திருக்கும். தரை வாடகை கட்டிய ரசீதுகள் பீரோவில் கட்டுக்கட்டாக இருக்கும். மண் மட்டும் அவர்களுடையது அல்ல. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அப்படிப்பட்ட பத்திரத்தைச் சார்பதிவாளரே திருப்பி அனுப்பிவிடுவார்.

கோயில் சொத்து கோயிலுக்கே இருக்கட்டும். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பாட்டி, "இத வித்தாத்தான் பேத்தி கல்யாணம்" என்று சொன்னது இரவெல்லாம் காதில் இருந்தது. வாடகையை நியாயமாக வைத்து, வாரிசு மாற்றத்தைக் காலத்தோடு செய்துகொடுத்தால் இருதரப்புக்கும் நல்லது. வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஜூன் 24

கும்பகோணம் சாலையில் மனைப்பிரிவு. கொடிக்கம்பம், தார்ச்சாலை, வளைவு எல்லாம் இருக்கின்றன. போன வருஷம் வரை அங்கே தாளடி நட்டிருக்கிறார்கள். அங்கீகாரம் உண்டா என்று கேட்டேன்; காகிதத்தை எடுத்து நீட்டினார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, அந்தக் காகிதம் இல்லாமல் யாரும் வியாபாரத்துக்கே வருவதில்லை.

பக்கத்து வயலில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைக் கூப்பிட்டார். "இதுக்கு நடுவுல ஒரு வடிகால் ஓடிச்சு தம்பி. தூத்துட்டாங்க. ஐப்பசியில வந்து பாருங்க, நீங்க எந்தப் பக்கம் நின்னாலும் முழங்கால் தண்ணி" என்றார். டெல்டாவில் தண்ணீர் கொண்டுவர ஒரு வாய்க்கால், கொண்டுபோக இன்னொன்று. வடிகாலை மூடினால், வீடு கட்டியவருக்குக் கூடத்தில் தண்ணீர். மேல்வயல்காரருக்குச் சம்பா அழுகல்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020-இல் வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கும் உருக்காலைகளுக்கும் அது தடை போட்டது. வயல் மனையாவதை அது தடுக்கவில்லை. அதையும் தடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு அங்கே மனை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 13

கண்டியூருக்கு அப்பால் ஒரு கிராமம். நாட்டு ஓட்டு வீடு, மனை 12 குழி. தரகர் அதை 1,728 சதுரடி என்கிறார். ஊர்க்காரர்களுக்கு இன்னும் குழியும் மாவும்தான். மேற்கே வடிகால் வாய்க்கால், திறந்தே ஓடுகிறது. கிராம நத்தம். பட்டா, விற்பவர்களின் இறந்துபோன அப்பா பெயரில்.

விற்பவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். ஒரு தங்கை திருப்பூரில். "அதுக்குச் சீரெல்லாம் செஞ்சாச்சு, கையெழுத்து எதுக்கு?" என்றார் மூத்தவர். அப்பா உயில் எழுதவில்லை. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும், அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு 1989-லேயே தமிழ்நாடு பங்கு கொடுத்துவிட்டது. 2005-இல் நாடு முழுக்க வந்தது. அந்த அம்மா கையெழுத்துப் போடாமல் நான் வாங்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். வில்லங்கம் வருமே என்ற பயமும் இருந்தது. அதைவிட, அவர் பங்கு அவர் கைக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 2

ஆடி. யாரும் முன்பணம் பேசக்கூட வாயைத் திறப்பதில்லை. எனக்கு அது வசதி. காகிதங்களைப் படிக்க ஒரு மாதம். வில்லங்கச் சான்றில் கணினியில் கிடைப்பது 1975-லிருந்து. அதற்கு முந்தையதற்குக் கையால் எழுதிய பதிவேட்டைத் தேட மனு போட்டிருக்கிறோம். வாரிசுச் சான்று, புலப்படம், வீட்டுவரி ரசீது கிடைத்துவிட்டன.

மாலையில் பெரிய கோயிலுக்குப் போய், அடித்தளக் கல்வெட்டுகளை ஒட்டி நடந்தேன். ராஜராஜன் கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களின் நிலம் வேலியின் நுண்ணிய பின்னம் வரை கணக்கிடப்பட்டிருக்கிறது. இறை கட்டும் நிலத்தைச் சொல்லுமுன் ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிடுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்கில் வாய்க்காலுக்குத் தனி இடம் இருந்திருக்கிறது. சேரிக்கும் தனி இடம்தான். அதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஆகஸ்ட் 19

வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்ய வந்த அக்கா தன் கதையைச் சொன்னார். அவருடைய மாமனார் பண்ணையாள். குடிசை நின்ற இடம் மிராசுதாருடையது. வேலையை விட்டால் அன்றைக்கே குடிசையையும் பிரிக்க வேண்டும். கூலி கேட்டு வாயைத் திறக்க முடியாததற்குக் காரணமே அதுதான் என்றார். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட பிறகு, 1971-இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தமானது. "அந்தப் பட்டா வந்தப்புறந்தான் எங்க மாமா மேல்துண்ட இடுப்புலேர்ந்து எடுத்துத் தோள்ல போட்டாரு" என்று, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் செய்தே காட்டினார். வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, சொந்த மனை ஒருவருக்கு எதையெல்லாம் கொடுக்கும் என்பதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

செப்டம்பர் 4

முகூர்த்த நாள் என்பதால் சார்பதிவகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்கியிருந்தார்கள். நிற்க இடமில்லை. திருப்பூர்த் தங்கை முதல் பேருந்திலேயே வந்துவிட்டார். விரல்ரேகை வைக்கும்போது கருவி அவருக்கு மட்டும் எடுக்கவில்லை; பனியன் கம்பெனியில் வேலை பார்த்துப் பார்த்து ரேகை தேய்ந்திருக்கிறது. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார். ஒருவழியாக எடுத்தது. அவர் பங்குக்கான வரைவோலையை அவர் கையிலேயே கொடுத்தேன். மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. தங்கையை டீ குடிக்க அழைத்துப்போனார்.

விலை 9,60,000 ரூபாய். உள்ள விலையையே எழுதினோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் ஏப்ரல் 1 முதல் ஒரு சதவீதம் குறைவு. என் பெயரில் பதிந்ததால் 9,600 ரூபாய் மிச்சம். ஓடு மாற்ற உதவும்.

நான்கெல்லையில் மேற்குப் பக்கத்துக்கு எழுத்தர் 'புறம்போக்கு' என்று போட்டிருந்தார். 'வடிகால் வாய்க்கால்' என்று திருத்தச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா" என்றார். இல்லை என்று சொல்லித் திருத்த வைத்தேன். நாளைக்கு யாராவது அதைத் தூர்க்க வந்தால், அங்கே வாய்க்கால் ஓடியது என்று சொல்ல ஒரு பதிவு பெற்ற பத்திரமாவது இருக்கும்.

செப்டம்பர் 21

பட்டா மாறுதல் மனு போய்விட்டது. நில அளவையர் இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேற்குச் சுவர் வாய்க்கால் கரைமேல் ஏறியிருப்பதுபோல் தெரிகிறது. அளந்து பார்த்து ஏறியிருந்தால், மழைக்கு முன்னால் அந்தச் சுவரை உள்ளே தள்ளிக் கட்டிவிடலாமென்று என் கணவரும் சொல்கிறார். கொத்தனாரிடம் பேச வேண்டும்.