ஊருக்கு மறைத்தேன்... கிட்னி மாட்டிக்கொண்டது!

"வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

ஏ.ஆர்.டி. சென்டரில் டாக்டர் கேட்டதும், வழக்கம்போல "இல்லீங்க சார்" என்றேன். அவர் கையில் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். போன முறை 0.8 இருந்த கிரியாட்டினின், இந்த முறை 1.7.

எனக்கு 47 வயது. கணவர் மூலம் எனக்கு எச்.ஐ.வி. வந்தது தெரிந்து 17 வருடங்கள் ஆகின்றன. அடுத்த வருடமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டித்தான் மகளைப் படிக்கவைத்தேன். மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து நிம்மதியாக இருந்தேன். கிட்னியைப் பற்றி நினைத்துப் பார்த்ததே இல்லை.

டாக்டர் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வலி மாத்திரை ஏதாவது?"

அப்போதுதான் உறைத்தது. முழங்கால் வலிக்காக எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். "வேற ஏதாவது நோய் இருக்கா?" என்று அவர் கேட்டபோது, பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். "இல்லைங்க" என்றேன். டைக்ளோஃபினாக் 5 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அதே சீட்டைக் காட்டி, மெடிக்கல் ஷாப்பில் நாலு மாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "நீங்க தினமும் போடுற அந்த ஒரு மாத்திரைக்குள்ள மூணு மருந்து இருக்கும்மா. அதுல டெனோஃபோவிர் கிட்னி வழியாத்தான் வெளியேறும். சிலருக்கு அதுவே கிட்னியைப் பாதிக்கலாம். கூடவே வலி மாத்திரையும் சேர்ந்தா ரெட்டைச் சுமை. டோலுடெக்ராவிர்னு இன்னொண்ணு, கிட்னியைக் கெடுக்காமலே கிரியாட்டினினைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஆனா, இவ்வளவு ஏத்தாது."

யூரினில் புரதம் போகிறதா என்று பார்த்தார்கள். பி.பி., சுகர் பார்த்தார்கள். வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லி, டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர் உள்ள மாத்திரை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். என் நோய் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். "ஊர்கிட்ட மறைச்சது சரிம்மா. டாக்டர்கிட்ட ஏம்மா மறைச்சே?" என்று அழுதாள்.

காரணம் இருந்தது. 10 வருடத்துக்கு முன் பல் பிடுங்கப் போன இடத்தில் உண்மையைச் சொன்னேன். 'வேறு இடம் பாருங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். பிறகு 2017-ல் சட்டம் வந்து, 2018-ல் அமலுக்கும் வந்துவிட்டது. எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி சிகிச்சை மறுக்கக் கூடாது. பொதுவாக, நம் சம்மதம் இல்லாமல் அதை வெளியே சொல்லவும் கூடாது. இதெல்லாம் எனக்குக் கவுன்சலர் சொல்லித்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு அண்ணன் டயாலிசிஸுக்குப் போய்வருவதைப் பார்த்தவள் நான். அடுத்த டெஸ்ட் வரை தூக்கமே இல்லை. ரிசல்ட் 1.1 என்று வந்தபோதுதான் மூச்சு வந்தது.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பயந்துபோய் ஏ.ஆர்.டி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எச்.ஐ.வி. கட்டுக்குள் இல்லாவிட்டால் அதுவே கிட்னியைக் கெடுக்கும். கிரியாட்டினின், யூரின் டெஸ்ட் எப்போது எடுக்க வேண்டும் என்று சென்டரில் கேளுங்கள். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ, அவர்களிடம் சொல்லாமல் சாப்பிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 1097-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

போன மாதம் அந்த எலும்பு டாக்டரிடம் மறுபடி போனேன். "உங்ககிட்ட தனியாப் பேசணுங்க" என்றேன். மற்றவர்களை வெளியே அனுப்பினார். சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு பழைய சீட்டில் இருந்த மாத்திரையை அடித்துவிட்டு, முழங்காலுக்கான பயிற்சியைச் செய்து காட்டினார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

சொல்லியிருக்கலாம்தான்.