போடுதல், காட்டுதல், ஊட்டுதல்

அகராதிகளும் அரசாணைகளும் 'எரிபொருள் நிரப்புதல்' என்று எழுதுகின்றன. யாரும் அப்படிப் பேசி நாம் கேட்டதில்லை. நெல்லைச் சீமையில் பைக்குக்குப் பெட்ரோல் அடிப்பார்கள், பஸ்ஸுக்கு டீசல் போடுவார்கள், பம்புசெட்டுக்கு எண்ணெய் ஊற்றுவார்கள். வண்டிமாட்டுக்கு வைக்கோல் போடுவதுண்டு. தண்ணீரை மட்டும் போடுவதில்லை, காட்டுவார்கள். மாடு குடிப்பதும் குடிக்காமல் முகம் திருப்பிக்கொள்வதும் மாட்டின் விருப்பம். மனிதன் செய்யக்கூடியது காட்டுவது ஒன்றுதான் என்கிற அறிவு அந்த வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. (பிறரை ஏய்ப்பதற்கும் 'தண்ணி காட்டுதல்' என்று எப்படிப் பெயர் வந்தது என்பதைச் சொல்லாராய்ச்சியாளர் யாரேனும் எழுதினால் நலம்.) விருந்தாளிக்குச் சோறு வைப்பார்கள், பிள்ளைக்கு ஊட்டுவார்கள், சுடலைமாடனுக்குப் படைப்பார்கள். பெறுபவர் யார் என்பதைப் பொறுத்தே கொடுப்பதன் வினை மாறுகிறது. இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்துவரும் நமக்கு, இந்த வினைகளில் எதை எங்கே இடுவது என்னும் குழப்பம் சென்ற ஆண்டுதான் வந்தது. அதைப் பிறகு சொல்வோம்.

நம் ஊர் சீவலப்பேரி. 1994இல் ஒரு திரைப்படம் வந்தபின், ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிரிலிருப்பவர் 'பாண்டி' என்று முடித்துவிடுவார். நம் மாணவர்களுக்கு நாம் வேறொன்றைச் சொல்வோம். தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் வந்து கூடுகிற இடம் இது. முக்கூடற்பள்ளின் முக்கூடல் இதுவே. பீடிக்குப் பெயர்போன, அம்பாசமுத்திரம் பக்கத்து முக்கூடலோடு தமிழ் முதுகலை படித்தவர்களே இதைக் குழப்பிக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். ஆற்றங்கரையில் நீரேற்று நிலையம் இருக்கிறது. வடக்கே கரிசல் காட்டில் கோவில்பட்டிக்காரர் குடிக்கும் தண்ணீர் இங்கிருந்து குழாயில் போகிறது. ஒரு நகரமே வாய் வைத்துக் குடிக்கிற ஊர் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நம் தந்தையார் அரசுப் பேருந்து ஓட்டுநர். கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் 1974இல் தொடங்கப்பட்டது. அவர் சேர்ந்தது 1976இல். 1997இல் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட பின்னும், ஓய்வுபெறும்வரை அவர் வாயில் அது 'கட்டபொம்மன்'தான். வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்த தாலாட்டு 'கே.எம்.பி.எல்.' என்னும் நான்கெழுத்து. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதன் சுருக்கம் அது. இரவு டிப்போவுக்குள் வண்டி வந்ததும் டீசல் போடுவார்கள். போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் ஓட்டுநரின் யோக்கியதை தெரிந்துவிடும் என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக் கணக்கை உயர்த்துகிறவர்கள் இருந்தார்கள். அப்பாவுக்கு அது ஆகாது. அவர் முறை வேறு: பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தை அரைப் பர்லாங்குக்கு முன்பே அறிந்து காலை எடுத்துவிடுவது. ஏதாவது ஒரு நிறுத்தத்தில் நேரக்காப்பாளரோடு பேச இறங்கினாலும் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார். "நிக்க வண்டிக்கு எதுக்குல எண்ணெய்?" என்பார். இந்த வாக்கியம் பின்னாளில் நம்மை இவ்வளவு படுத்தும் என்று அப்போது தெரியாது.

எண்பதுகளில் எங்கள் ஊருக்கு ஹால்ட் வண்டி ஒன்று வந்தது. இரவு கடைசி நடை வந்து ஊரிலேயே தங்கி, விடியலில் முதல் நடையாகத் திரும்பும். ஓட்டுநரும் நடத்துநரும் வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு இரவுச் சோறு பெரும்பாலும் எங்கள் வீட்டிலிருந்து போகும். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகிற வேலை நம்முடையது. அப்பாவும் அப்போது வேறொரு வழித்தடத்தில், வேறு ஏதோ ஊரில், இப்படியே ஹால்ட். வந்த ஓட்டுநர்களில் சிலர் அப்பாவோடு முகப்பழக்கம்கூட இல்லாதவர்கள். ஏன் இத்தனை சிரத்தை என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டோம். "இவுகளுக்கு நாம வச்சா, ஒங்க அப்பாவுக்கு எந்த ஊர்லயாவது யாராவது வைப்பாவ" என்றாள். அந்த 'யாராவது' யார் என்று அவள் கடைசிவரை விசாரித்ததில்லை. அப்பாவும் தமக்குச் சோறு வைத்த வீடுகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மீன்குழம்பு நன்றாயிருந்த ஊர்களை மட்டும் சொல்வார்.

வகுப்பில் ஆற்றுப்படை நூல்களை நடத்தும்போதெல்லாம் அந்தத் தூக்குவாளி நினைவுக்கு வரும். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்தவை அவை என்று குறிப்புரை எழுதிப்போடுகிறோம். உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பார்த்தால், வழியில் எயினர் வீட்டில் என்ன கிடைக்கும், ஆயர் குடியில் என்ன கிடைக்கும், உழவரிடம் என்ன, வலைஞரிடம் என்ன, அந்தணர் மனையில் என்ன என்று நிறுத்தம் நிறுத்தமாகப் பட்டியல் போகிறது. இளந்திரையனின் வள்ளன்மை நூலின் நோக்கமாகலாம். வயிறு காய்ந்து நடப்பவனுக்கு உதவுவது அந்தப் பட்டியல்தான். பின்னால் வந்த சத்திரம், சுமைதாங்கிக் கல், கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அதன் வழிவந்தவையே. இன்றைய பெட்ரோல் நிலையத்திலும் இதன் மிச்சம் உண்டு. சக்கரத்துக்குக் காற்றும் வருகிறவருக்குக் குடிநீரும் கழிப்பறையும் காசில்லாமல் தர வேண்டும் என்பது விதி. அளவில் ஐயம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுகலனில் பிடித்துக் காட்டச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்கிறவர்கள் குறைவு. அப்பா கேட்பார்.

அளவைப் பற்றி அவருக்குப் பித்து. டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்க்காமல் முள்ளை நம்பமாட்டார். போர்க்காலத்துக் கதைகளைத் தம் மூத்த ஓட்டுநர்களிடம் கேட்டு வைத்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுக்கும் கலன்களைச் செய்தது. பேருந்துகள் அதில் ஓடின. விடியற்காலையில் விசிறிச் சக்கரம் சுழற்றி நெருப்பைப் பிடிக்க வைத்து, வாயு வந்த பிறகுதான் வண்டி கிளம்பும். "கரி போட ஒருத்தன், கெளறிவிட ஒருத்தன். டிரைவர் பாதி கொல்லன்" என்று சிரிப்பார்.

விமானக் கதைகளை நாம் அவருக்குச் சொல்வோம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தை ஓட்டி வந்தார். இடையில் அகமதாபாத்தில் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பர்மா ஷெல் கம்பெனியின் பெட்ரோல் 4 காலன் டின்களில் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். இந்திய விமானத் தபாலின் முதல் நாள் என்று நூல்கள் கொண்டாடும் அந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மாட்டுக்குத் தண்ணி காட்டுனாங்களா?"

இன்னொரு கதை அவருக்கு மிகவும் பிடித்தது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில், 69 பேரோடு பறந்த போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எண்ணெய் தீர்ந்து இரண்டு இன்ஜினும் அணைந்துபோனது. எண்ணெய் காட்டும் கருவி பழுது. ஆகவே குச்சி வைத்தே அளந்திருந்தார்கள். விமானத்தில் எண்ணெயை லிட்டரில் அளந்தாலும் எடையில்தான் கணக்கு வைப்பார்கள். வெப்பத்தில் பருமன் மாறும், எடை மாறாது. தேவைப்பட்டது 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8ஆல் பெருக்க வேண்டிய இடத்தில், பவுண்டுக்கு உரிய 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதியைக்கூட எட்டாத எண்ணெயோடு விமானம் ஏறிவிட்டது. கேப்டன் பியர்சன் சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் அதை மிதக்கவிட்டு இறக்கினார். ஓர் உயிரும் போகவில்லை. "குச்சி சரியாத்தான் சொல்லிருக்கு. கணக்கு எழுதுனவன்தான் கவுத்துட்டான்" என்பது அப்பாவின் தீர்ப்பு. தன் கட்சிக்குக் கிடைத்த சாட்சியாக அந்த விமானத்தை அவர் பல காலம் மேற்கோள் காட்டி வந்தார்.

நம் மாவட்டத்திலேயே, பணகுடியை அடுத்த மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறார்கள். அங்கே புழங்கும் திரவ ஹைட்ரஜனின் கொதிநிலை சுழிக்குக் கீழே 253 பாகை. திரவ ஆக்சிஜனுக்குச் சுழிக்குக் கீழே 183. இவ்வளவு குளிர்ந்ததை ஒரு தொட்டியில் நிரப்பிவிட்டு அப்பால் போய்விட முடியாது. வெளிவெப்பம் பட்டு ஆவியாகிக்கொண்டே இருக்கும். புறப்படும் நேரம் நெருங்கும்வரை குறைந்ததை ஈடுசெய்தபடியே இருக்க வேண்டும். இதை வாசித்தபோது வெறும் செய்தியாக வாசித்தோம். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கிற வாழ்க்கை வாய்த்த பிறகு அது வேறாகத் தெரிகிறது.

சென்ற ஆண்டு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போயிற்று, விழுங்கும் திறனும் போயிற்று. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தலைமாட்டை உயர்த்தி வைத்து, குழாயை உறிஞ்சிப் பார்த்து அது வயிற்றில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, உள்தண்டு நீக்கிய 50 மில்லி சிரிஞ்சைக் குழாயின் வாயில் பொருத்தி உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஊற்றியது தானாக இறங்கும். கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, ஒரு வேளைக்கு 200 மில்லி. முடிந்ததும் குழாயைக் கழுவ வெறுந்தண்ணீர். அந்தக் காலத்தில் விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றும்போது மெல்லிய தோலில் வடிகட்டுவார்கள் என்று படித்தது, முதல் வாரம் முழுதும் அடுப்படியில் நின்றபோது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்துபோகும் செவிலி, "ஃபீட் போட்டாச்சா சார்?" என்று கேட்பார். அக்கறையான பெண், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் 'போடு' நம் காதில் டிப்போ சத்தமாகவே விழுந்தது. ஊட்டுகிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாயே இதில் சம்பந்தப்படவில்லை. வைக்கிறோம் என்றும் சொல்ல முடியாது. எடுத்து உண்பவர் கை அசையவில்லை. காட்டுகிறோம் என்றால், முகம் திருப்பிக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

அந்த உரிமையை அவர் தாமே எடுத்துக்கொண்டார். இரண்டாம் மாதத்தில், ஒரே வாரத்தில் இரண்டு முறை இடக்கையால் குழாயைப் பிடுங்கி எறிந்தார். மூக்கு உறுத்தல் தாளாமல் நோயாளிகள் செய்வதுதான், கைக்கு உறை மாட்டிவிடுங்கள் என்றார் மருத்துவர். நீண்ட காலத்துக்கென்றால் வயிற்றில் சிறு துளையிட்டு நேரே குழாய் வைத்துவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். தங்கை உடனே செய்துவிடலாம் என்றாள். நாம் வாய் திறக்கவில்லை. நிற்கிற வண்டிக்கு எதற்கு எண்ணெய் என்ற குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் வண்டிக்குச் சொன்னதை அவருக்கே பொருத்த நமக்கு உரிமை உண்டா? பொருத்தாமல் இருக்கத்தான் உண்டா? மூன்று இரவு இதையே புரட்டினோம். நான்காம் நாள், கைக்கு உறை மட்டும் வேண்டாம் என்று சொன்னோம், தங்கையும் ஒத்துக்கொண்டாள். துளையிடுவதை ஒத்திவைத்திருக்கிறோம்.

கஞ்சிக் கணக்குக்கு ஒரு நோட்டு உண்டு. மணி, மில்லி, தண்ணீர் என்று மூன்று பத்தி. ஒருநாள் அப்பா இடக்கையை நீட்டி அதைக் கேட்டார். மார்பின்மேல் விரித்துப் பிடித்தோம். ஓட்டுநர்கள் டிரிப் ஷீட் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டு வந்து, நாம் கூட்டிப் போட்டிருந்த மொத்தத்தில் நிறுத்தினார். திரும்ப மேலே போய் மறுபடி கூட்டினார். உதடு அசைந்தது. பிறகு நோட்டைத் தள்ளிவிட்டார். கணக்கு சரி என்று எடுத்துக்கொண்டோம். அதற்குப் பின் குழாயை அவர் பிடுங்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நாம் சொல்லமாட்டோம். வாரம் இருமுறை விழுங்கும் பயிற்சி தருபவர் வரத் தொடங்கியதும் அந்த நாள்களில்தான்.

போன மாதம் அவர் அனுமதியோடு அம்மா முதல் கரண்டி கொடுத்தாள். கெட்டியாகக் காய்ச்சிய கூழ், பாலாடையில் எடுக்கும் அளவு. தாடையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, வெகுநேரம் கழித்து, தொண்டை ஏறி இறங்கியது. இப்போது காலையில் 3 கரண்டி, மாலையில் 3. மீதியெல்லாம் குழாய் வழியேதான், நாளுக்கு 1400 மில்லி. கரண்டிக் கணக்கையும் எழுத நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி போட்டோம். அம்மா விடவில்லை. "ஊட்டுனதுக்குமா கணக்கு எழுதுவாவ?" என்று பேனாவை வாங்கி வைத்துவிட்டாள். ஆகவே அந்தப் பத்தி வெறுமையாகக் கிடக்கிறது. இம்மாதம் 28ஆம் தேதி மறுபரிசோதனை. மருத்துவர் கேட்டால் வாயால் சொல்லிக்கொள்வோம்.