குறுக்கே வந்தது யார்?

ஜோகுபாளையம்,
பெங்களூரு.

அன்புள்ள கார்த்தி,

போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுகிறாய். கடிதமென்றால் நடுவில் "சார்ஜ் இல்ல மாமா" என்று வைக்க முடியாதே. கையைத் தூக்க முடியாவிட்டால் உங்கம்மாவைப் பிரித்துத் தரச் சொல். படிப்பது மட்டும் நீயாக இரு. அவளை அழவைக்கிற சமாச்சாரம் ஒன்றிரண்டு இதில் இருக்கிறது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறது. அத்தை உன் அறையைப் பெருக்கப் போய், கட்டிலுக்கடியில் நீ சேர்த்து வைத்திருந்த டீ டம்ளர்களைக் கண்டுபிடித்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்ததும், தோள்பட்டை வலியில் பிள்ளை தூங்குகிறானோ இல்லையோ என்று மூக்கைச் சிந்தினாள். நம் நித்யாவுக்கு நர்சிங் கடைசி வருஷப் பரீட்சை நெருங்குகிறது. உன் மேல் அவளுக்கும் கோபம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

"பாட்டி திடீர்னு குறுக்கே வந்துட்டாங்க" என்று ஆம்பூரில் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நீ அந்தப் பாட்டி மேல் பைக்கை மோதி விழுந்த மறுநாள் காலையில் நான் அந்த இடத்தில் போய் நின்றேன். ரோட்டின் இடப்பக்கம் வழக்கம்போல அந்தக் குட்டி யானை லோடு வண்டி நிற்கிறது. பின் டயர் இழுத்த கறுப்புக் கோடு, மழை பெய்தும் முழுசாக அழியாமல், குட்டி யானையின் மூக்குக்கு நேரே வந்துதான் ஆரம்பிக்கிறது. அந்த அம்மா கூடையோடு குட்டி யானைக்கு முன்னாலிருந்து ரோட்டில் இறங்கியிருக்கிறார். நடைபாதை முழுக்க மண்ணும் ஜல்லியும் குவிந்து கிடந்தால் வேறு எங்கே நடப்பார்? நம் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள், உன் அத்தை உட்பட. வருஷக்கணக்காக அந்தத் தெருவில் போய்வரும் உனக்கு இது தெரியாதா? தெரிந்த விஷயம் எப்படி "திடீர்" ஆகும்?

"நாற்பதுலதான் வந்தேன் மாமா" என்றாய். நம்புகிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். நான் ஓட்டின பஸ்ஸின் நீளம் கிட்டத்தட்ட அவ்வளவு. கண் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். அதற்குள் ஒரு முழு பஸ் தூரம் போய்விடுகிறது, வேகம் கொஞ்சமும் குறையாமல். அதே இடத்தில் 20இல் வந்திருந்தால் அந்த ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர். வேகம் பாதியானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். நல்ல ரோட்டில் எல்லாம் சேர்த்து எட்டு, ஒன்பது மீட்டரில் நின்றிருப்பாய். 40இல் வந்த நீ அந்த எட்டாவது மீட்டரில் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கக்கூட மாட்டாய். நூறடி ரோட்டில் நாற்பது வேறு, நம் தெருவில் நாற்பது வேறு.

வண்டி மெக்கானிக் பாய் கடையில் நிற்கிறது. ஹேண்டில் பார் வளைந்திருக்கிறது, இண்டிகேட்டர் போய்விட்டது, மற்றபடி பெரிசாக ஒன்றுமில்லை. பாய் முன் டிஸ்க்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேட் புதுசு மாதிரி இருக்கு சார், தம்பி இதைத் தொடுறதே இல்லையா?" என்று கேட்டார். முன் பிரேக் பிடித்தால் தூக்கிப் போட்டுவிடும் என்று உனக்கு எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். பிரேக் போட்டதும் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போகும். பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை மிதித்தால் அது பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கத்தான் செய்யும். உனக்கு நடந்தது அதுதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். உன்னுடையது அதற்கு முந்தின செகண்ட்ஹேண்ட். பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள அதில் எதுவும் கிடையாது, உன் விரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துகிற ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "வண்டி என்னாச்சு மாமா?" அந்த அம்மா மூன்று கட்டில் தள்ளி, மணிக்கட்டு உடைந்து உட்கார்ந்திருந்தார். வலியில் கேட்டிருப்பாய், போகட்டும். ஆனால் மறுநாளும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. ஆம்பூர் போய்ச் சேர்ந்த பிறகும் கேட்கவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டுதான் போனேன், அதைத் தொடக்கூட இல்லை. நீ நினைக்கிற மாதிரி "பரவாயில்லப்பா" என்றெல்லாம் சொல்லவில்லை. மகன் பெயிண்டர், என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துச் சத்தம் போட்டான். அந்த அம்மா உள்ளேயிருந்து பாதிக் கன்னடம், பாதித் தமிழில் கேட்டார். விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட் போய்ச் சொப்புக் கட்டு (கீரைதான்) எடுத்து, வீடு வீடாய்ப் போட்டால்தான் அவருக்கு அன்றைய காசு. கட்டுப் பிரிக்கவே ஆறு வாரம் என்கிறார்கள், அதற்கப்புறமும் தலைக்குக் கூடை தூக்க எத்தனை நாளோ. அதுவரைக்கும் யார் கொடுப்பார்கள் என்றார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் பதில் உன்னிடம் இருக்கிறது.

நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரர், அந்த அம்மா கையில் பத்தாயிரம் கொடுத்து, ஒரு பேப்பரில் கைரேகை வாங்கி முடித்துவிடலாம் என்றார். நீயும் அதைத்தான் விரும்பினாய். கார்த்தி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு ஓட்டினவனுக்குச் சொல்வது இதுதான்: அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல். 1988லிருந்து இருக்கிற சட்டம். உன்னால் எழுந்திருக்க முடியவில்லை, அதனால் நான் போனேன். தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்று வருஷா வருஷம் முணுமுணுத்துக்கொண்டு கட்டுகிறாயே, அது உன் தோள்பட்டைக்கு இல்லை. உன் வண்டியால் அடிபட்ட அந்த அம்மாவின் மணிக்கட்டுக்கு. போலீஸ் ரெக்கார்டு இல்லாமல் அவர் தீர்ப்பாயத்தில் இழப்பீடு வாங்குவது கஷ்டம். மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019 திருத்தத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். கைரேகை வாங்கியிருந்தால், பத்தாயிரத்தைக் காட்டி அந்தக் கதவையே சாத்தியிருப்போம். வைத்தியச் செலவு, போன கூலி, எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கேஸ் வந்தால் வேலைக்கு ஆபத்தோ என்று பயப்படுகிறாய். நியாயமான பயம்தான், ஒன்றுமே ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் கூட இருப்பார், நானும் இருப்பேன். உங்கம்மா வளையலை அடகு வைக்கிறேன் என்று ஆரம்பித்தாள், வாயை மூடு என்று சொல்லிவிட்டேன். இழப்பீடு வருகிறபோது வரட்டும். அதுவரை அந்த வீட்டுக்கு வாரா வாரம் போகிற பணம் உன் சம்பளத்திலிருந்து போகட்டும். இப்போதைக்கு நான் கொடுக்கிறேன், கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். மாமன்தானே என்று நினைக்காதே, வசூல் பண்ணாமல் விடமாட்டேன்.

நித்யாவின் கோபம் ஹெல்மெட்டைப் பற்றி. தலையில் இருந்தது, ஆனால் பட்டையை மாட்டவில்லை. நீ ஒரு பக்கம் விழ, அது கழன்று குட்டி யானைக்கு அடியில் உருண்டு கிடந்தது. தலை அடிபடாதது உன் சாமர்த்தியம் இல்லை. ஹெல்மெட் கட்டாயமான கதையை அவள் பாடத்தில் படித்தாளாம், என்னிடம் சொன்னாள். லாரன்ஸ் ஆஃப் அரேபியா படம் பார்த்திருக்கிறேன், மோட்டார் சைக்கிளில் லாரன்ஸ் விழுவதில்தான் படமே ஆரம்பிக்கும். நிஜத்தில் அது 1935 மே 13. முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு சைக்கிள் பையன்களைத் தவிர்க்கப் போய் விழுந்தார், ஆறு நாள் கழித்து இறந்தார். பாலைவனத்தில் அத்தனை சண்டையில் தப்பித்த மனுஷன். வைத்தியம் பார்த்த டாக்டர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்று ஒருவர். அதற்குப் பிறகு ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களின் மண்டைக் காயங்களை வரிசையாக ஆராய்ந்து 1941இல் கட்டுரை எழுதினார். அந்த வருஷமே பிரிட்டிஷ் ராணுவம் தன் ஓட்டுநர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. நீ பட்டையை மாட்டச் சோம்பல் படுகிற சாமான் அப்படித்தான் கட்டாயமாகத் தொடங்கியது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, முகம் மூடுகிற ஹெல்மெட் ஒன்று நித்யா வாங்கி வைத்திருக்கிறாள். அடிபட்ட பழையதை அவளே உடைத்துக் குப்பையில் போட்டாள்.

பைக் யூடியூபர் டிடிஎஃப் வாசன் வீடியோவெல்லாம் விழுந்து விழுந்து பார்ப்பாயே. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பாலுசெட்டிச்சத்திரம் அருகே சாகசம் செய்யப்போய் விழுந்தாரே, நீ இங்கிருந்து ஆம்பூர் போகிற அதே சென்னை நெடுஞ்சாலைதான். கை உடைந்தது, ஒரு மாதத்துக்கு மேல் சிறை, லைசென்ஸ் பத்து வருஷத்துக்குப் போயிற்று. அப்போது நீ "அவர் யார் மேலயும் மோதலையே மாமா" என்று வாதாடினாய். இப்போது என்ன சொல்வாய்? உன்னைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

2022இல் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. நூற்றில் நாற்பத்து நான்குக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள், இருபதுக்குக் கொஞ்சம் குறைவாக நடந்து போனவர்கள். பஸ்காரன் சீட்டில் உயரத்தில் உட்கார்ந்து நான் பயந்ததெல்லாம் உங்கள் இரண்டு பேருக்காகத்தான், உனக்கும் அந்தச் சொப்புக்காரம்மாவுக்கும். இடப்பக்க முன் சக்கரத்தை ஒட்டி நீ வரும்போது எனக்கு நீ தெரியவே மாட்டாய். நான் இடது திரும்ப ஆரம்பித்தால் உனக்குப் போக இடமும் இருக்காது. ஹார்ன் அடித்துவிட்டோமே, அவன் பார்த்துக்கொள்வான் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

ஆகவே இப்படிச் செய். டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகும் ஒரு மாதம் வண்டியைத் தொடாதே. பஸ்ஸில் ஆபீஸ் போ. உட்கார இடம் கிடைத்தாலும் உட்காராமல் முன் கண்ணாடி தெரிகிற மாதிரி நில். எத்தனை பேர் குறுக்கே வருகிறார்கள், அவர்கள் வருவதற்கு முன்னால் டிரைவரின் கால் எப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்புகிறது என்று பார். நிறுத்தி வைத்த வண்டியின் அடியில் ஒரு ஜோடிக் கால் தெரிந்தாலே அவர் காலைத் தூக்கிவிடுவார். அதைத்தான் நீ கற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் ஒன்றில் முன் பிரேக்கை அழுத்தப் பழகலாம். வெடுக்கென்று பிடிக்காமல் மெதுவாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும், இரண்டு பிரேக்கும் சேர்ந்து, வண்டி நேராக நிமிர்ந்திருக்கும்போது. முதலில் காய்ந்த தரையில், பிறகு ஈரத்தில். நீ சலித்துப்போகிறவரை செய்யவைப்பேன். வெயில் காலம் முடிந்து முதல் மழை விழுகிற அரைமணி நேரம் மட்டும் எங்கேயாவது ஒதுங்கி டீ குடி. ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் கழுவிப் போகிற நேரம் அது.

அடுத்த மாதம் வரும்போது ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பாலிசி எல்லாம் ஒரிஜினலாக எடுத்து வா, வக்கீல் கேட்டிருக்கிறார். வந்த அன்றே அந்த அம்மா வீட்டுக்குப் போகிறோம். நான் கூட வருவேன், ஆனால் வாசலில் நிற்பேன். மகன் சத்தம் போடுவான், போடட்டும், பதிலுக்கு எதுவும் பேசாதே. கன்னடம் வரவில்லையே என்று சாக்குச் சொல்லாதே, அவருக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது. எவ்வளவு, எத்தனை நாளைக்கு, எந்தக் கிழமை கொண்டுவந்து கொடுப்பாய் என்பதை நீயே உன் வாயால் சொல்.

மாத்திரையை வேளாவேளைக்குப் போடு. உங்கம்மாவை வேலை வாங்காதே.

அன்புடன்,
உன் மாமா